பெட்டிக்கு நாலு நிமிடம்

எதிரிக் கடையின் மஞ்சள் பை, மேலாளரின் சொந்த வீட்டுச் சமையலறையில் இருந்தது.

அரிசி டப்பாவுக்குப் பின்னால், நாலாக மடித்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தற்செயலாக வந்து சேர்ந்த பை இப்படி உட்காராது. இது ஒளித்து வைத்த பை. கிண்ணத்தை எடுத்தாள். அதற்கடியில் இன்னொரு பை. அதற்கடியில் இன்னொன்று. மொத்தம் பதினொன்று.

அவள் தேடியது தேயிலையை. வெளியே மூன்று நாளாக விடாத மழை. வேலையிலிருந்து வந்தவளின் பின்னலிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை பைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரணம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி, பதினெட்டு வரிசை அலமாரியும் இருபத்திரண்டு ஊழியர்களும் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவும் கொண்ட பெரிய அங்காடிக்கு அவள்தான் மேலாளர். அவள் வீட்டுக்கு எறும்பு மருந்துகூட அங்கிருந்துதான் வரவேண்டும். வருகிறது என்றுதான் இந்த நிமிடம்வரை நினைத்திருந்தாள்.

முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவள் நாத்தனார், கணவனின் அக்கா. வீட்டுக்குச் சாமான் வாங்குவது அவள் பொறுப்பு. அவள் வாயில் குண்டூசி இருக்கும் நேரம்தான் அந்த வீட்டில் அமைதி.

“அக்கா, இது என்ன?”

மெஷின் நின்றது. நாத்தனார் பைகளைப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். அவசரமே இல்லை.

“பை” என்றாள்.

“பைன்னு தெரியுது. யார் கடைப் பை?”

“மேலயே எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ஏதோ நான் ஓடிப்போகப் பார்த்த மாதிரி கேக்கறே! மூணு மாசமா. போதுமா?”

“நம்ம கடைய விட்டுட்டு அந்தப் பொந்துக்கா போறீங்க? அங்க ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாது.”

“மூச்சை வீட்டுக்கு வந்து விட்டுக்கறேன். சாமான் கெடைக்குதே.”

“நம்ம கடைல இல்லாத சாமான் அங்க என்ன இருக்கு?”

“உன் கடைல எல்லாம் இருக்கு. ஆள்தான் இல்ல.”

“இருபத்திரெண்டு பேரு இருக்காங்கக்கா!”

“இருக்காங்க. ஆனா இல்ல.” நாத்தனார் துணியை மடியில் போட்டுக்கொண்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். “கடைசியா வந்தப்ப ஒரு நூல்கண்டுக்கு அரை மணி நேரம் சுத்தினேன். அந்தப் பக்கம் திரும்பினா ஒரு முதுகு போகுது. இந்தப் பக்கம் திரும்பினா இன்னொரு முதுகு போகுது. முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு உன் கடைல. மூஞ்சிதான் ஒண்ணுகூட கண்ணுல படல. கூடையக் கீழ வெச்சுட்டு வந்துட்டேன்.”

“அந்தக் கடைல மட்டும்?”

“அந்த ஆளு ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கவே மாட்டான். எதையாவது மென்னுக்கிட்டே இருப்பான். நூல் எங்கப்பான்னு கேட்டா தாடையால காட்டுவான். பார்த்தா அங்க இருக்கும். முடிஞ்சுது கதை.”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவளுக்குள் ஒரு வாக்கியம் மட்டும் மாட்டிக்கொண்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்காடியில் அதற்கு ஒரு பெயரே இருந்தது. அநாதைக் கூடை. வரிசைக்கு நடுவில், யாருமில்லாமல், பாதி நிரம்பி நிற்கும் கூடை. முட்டை இருக்கும், சோப்பு இருக்கும், பல்பு இருக்கும். எடுத்தவர் மட்டும் இருக்கமாட்டார். முன்பெல்லாம் நாளைக்கு ஐந்தாறு. இப்போது நாற்பதைத் தாண்டுகிறது. மழை என்று நினைத்திருந்தாள். மழைக்குப் பயந்தவர் கடைக்குள்ளேயே அல்லவா நிற்பார்? மூன்று சாமானைப் பார்த்துப் பார்த்து எடுத்த ஒருத்தி, நாலாவது சாமானுக்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள் என்றால், அங்கே என்ன நடந்தது?

தேநீர் போடவே மறந்துவிட்டாள்.

*

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“வாழ்த்துகள் மேடம்!”

தலைமை அலுவலகத்துக்கு இந்த வருஷம் வந்திருக்கும் அதிகாரி. இன்னும் யாரும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பிரசித்தம். அவர் ‘வாழ்த்துகள்’ என்று ஆரம்பித்தால் எங்கோ யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். பதினாலு கிளைகளிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

“அலமாரி நிரப்பற வேகத்துல உங்க கிளைதான் முதலிடம். வாழ்த்துகள். விற்பனைல கடைசி இடம்.”

“மழை சார்...”

“மழை பதினாலு கிளைலயும் பெய்யுது மேடம். கேமரா கணக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க. வாடிக்கையாளர் கிட்ட வரும்போது ஊழியர் முதுகைத் திருப்பிட்டுப் போனா அது எண்ணும். உங்ககிட்ட ஒருத்தர் ஒரு நாளைக்கு நாப்பத்தொரு தடவை திருப்பறார். சனிக்கிழமை நான் நேர்ல வர்றேன். நீக்கக் கடிதத்துல பேரை எழுதி வைங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்.”

“யார் சார் அது?”

“ஊழியர் எண் பதினேழு.”

அவள் பட்டியலைப் புரட்டவில்லை. தலையைத் தூக்கினால் போதும். எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட படம். ‘இம்மாத வேகக்காரர்.’ நாலு மாதமாக மாற்றப்படாத படம், ஏனென்றால் நாலு மாதமும் அவனேதான். எண் பதினேழு. கடையில் அவனுக்குப் புயல் என்று பேர். வீட்டில் அவளுக்குக் கொழுந்தன்.

இன்னும் ஆறு வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். “வேலை நிரந்தரம்தானே?” என்று பெண் வீட்டில் மூன்று முறை கேட்டிருந்தார்கள். மூன்று முறையும் “நான் பொறுப்பு” என்று பதில் சொன்னவள் இவள்தான்.

வேகத்திலும் முதல் ஆள். ஓடி ஒளிவதிலும் முதல் ஆள். ஒரே மனிதன் எப்படி?

*

“ஒரு வேலை செய்யணும்” என்றாள் வியாழக்கிழமை காலை.

“முடியாது” என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். நகம் முழுக்கக் கறுப்பு மசை. எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் நம்பமாட்டான்.

“இன்னும் சொல்லவே இல்லையே!”

“கேக்காமலே டீ கொண்டுவந்து வெச்சிருக்கே. அப்ப அது சாதாரண வேலையா இருக்காது.”

சொன்னாள். ஐந்து சாமான். உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி, ஷூ பாலிஷ், பொத்தான். அங்காடியில் போய் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஊழியர் யாரையாவது கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். மழைக்கோட்டின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

“ஏன், உன் கடைல புருஷனுக்கு அனுமதி இல்லையா?”

“புருஷன்னு தெரிஞ்சா எல்லாரும் ஓடி வருவாங்க. தெரியாதவனுக்கு என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.”

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பழுதான எந்திரத்தைக் கண்டால் வருமே, அது.

மேலாளர் அறை மாடியில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே பதினெட்டு வரிசைகளும் பதினெட்டுத் தெருக்கள் மாதிரி தெரியும். இத்தனை நாள் அவள் அங்கிருந்து அலமாரிகளைப் பார்த்தாள்; எல்லாம் நிரம்பியிருந்தன, திருப்தியாக இருந்தது. இன்று முதல் முறையாக, ஒரு மழைக்கோட்டை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தாள்.

மழைக்கோட்டு மூன்றாவது வரிசையில் நுழைந்தது. அங்கே ஒரு பெண் சர்க்கரைப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டு இன்னும் இருபதடி தூரத்தில். அவள் தலை லேசாக அசைந்தது. காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுமுனை வழியாக நடந்து போனாள். நாலாவது வரிசையில் இரண்டு பேர். மழைக்கோட்டு திரும்பியதும் ஒருவன் இடப்பக்கம், ஒருவன் வலப்பக்கம். குளத்தில் காலை விட்டால் மீன் விலகுமே, அப்படி. அவன் எங்கே போனாலும் அவனைச் சுற்றி ஒரு காலி இடமும் கூடவே நகர்ந்தது.

யாரும் ஓடவில்லை. அதுதான் வேடிக்கை. எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. எல்லோர் முகத்திலும் தலைபோகிற அவசரம். தரையில் நின்று பார்த்தால் சுறுசுறுப்பான கடை. மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, இருபத்திரண்டு பேரும் ஒரு மனிதனிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினோராவது வரிசையில் புயல். அவன் வேலை செய்வதைப் பார்க்கக் காசு கொடுக்கலாம். கத்தியால் ஒரே இழுப்பில் பெட்டியின் வாய் பிளக்கும். கைக்கு நாலு நாலாக எட்டு டப்பா எழும்பும். பெயர் எழுதிய பக்கம் தானாக முன்னால் திரும்பும். காலடியில் காலிப்பெட்டி தட்டையாகும். சோம்பேறி இப்படி வேலை செய்யமாட்டான்.

வரிசை முனையில் மழைக்கோட்டு தெரிந்தது. புயல் தலையைத் தூக்கவே இல்லை. காலால் பெட்டியைத் தள்ளினான், திரும்பினான், இரண்டு அலமாரிக்கு நடுவிலிருந்த சந்தில் காணாமல் போனான். மழைக்கோட்டின் கை உயர்ந்து, அப்படியே அந்தரத்தில் நின்றது.

கூடப்பிறந்த அண்ணன்.

பதினேழு நிமிடம். பிறகு அவள் கணவன், உப்பும் சோப்பும் மட்டும் இருந்த கூடையைப் பதினோராவது வரிசையின் நடுவில் மெதுவாக இறக்கி வைத்தான். கதவு திறந்தது. மழைக்குள் போய்விட்டான்.

ஓர் அநாதைக் கூடை பிறப்பதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

*

“நான் என்ன, கடனா கேட்டேன்?” என்றான் கணவன், சாயந்தரம் தட்டின் முன்னால் உட்கார்ந்து. “மெழுகுவர்த்தி எங்கன்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன்.”

சூடான சோறு, வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கு. ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. நாத்தனார் பரிமாறினாள். அவள் முகத்தில் ஒரு ஜெயித்த களை.

“வாசல்ல ஒரு அட்டைப் பொம்பள நிக்குதே, ‘உங்களுக்கு எப்படி உதவலாம்’னு பலகையப் புடிச்சுக்கிட்டு? உங்க கடைல ஓடாம நின்ன ஒரே ஆள் அதுதான். கடைசில அதுக்கிட்டயே கேட்டேன். சிரிச்சுது. பதில்தான் வரல.”

புயலுக்குப் புரையேறியது. “அண்ணா, அந்த மழைக்கோட்டு நீயா?”

“நான்தான்டா. உன் கூடப்பொறந்தவன்.”

“எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?”

“முன்னாடி இருந்த ரெண்டையும்தானே திருப்பிக்கிட்டே!”

அவள் குறுக்கிட்டாள். “சனிக்கிழமை அதிகாரி வர்றாரு. நீக்கக் கடிதத்துல உன் பேரை எழுதித் தரச் சொல்லியிருக்காரு.”

முட்டையை உடைத்துக்கொண்டிருந்த புயல் அதைத் தட்டிலேயே வைத்தான்.

“எழுதுவியா?” என்றாள் நாத்தனார். குரலில் இப்போது ஜெயித்த களை இல்லை.

“அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். ஏன்டா விலகிப் போறே?”

புயல் தண்ணீர் குடித்தான். பிறகு இடது கையை நீட்டினான். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த ஒரு வளையம். வேலை நேரம் முழுக்கப் பட்டை இறுகி இருந்த தடம்.

“இங்க ஒரு மாமியாரைக் கட்டிவிட்டிருக்கீங்களே, அவளைக் கேளுங்க அண்ணி.”

“என்னது?”

“அந்த நேரப் பட்டை. நாங்க மாமியார்னுதான் சொல்லுவோம். பெட்டியத் தொறந்தா பச்சை விளக்கு. நாலு நிமிஷத்துல பெட்டி காலியாகணும். ஆகலன்னா செவப்பு, அப்புறம் கத்துவா. ஒரு ஷிஃப்டுல மூணு தடவை கத்தினா விளக்கம் எழுதிக் கொடுக்கணும். இது ஒண்ணா?”

“சரி.”

“இன்னொண்ணு, சுவர்ல ஒட்டியிருக்கே, ‘விரல் காட்டாதே, கூட நட’ன்னு. யாராவது உப்பு எங்கன்னு கேட்டா, அதோ அங்கன்னு கை நீட்டக் கூடாது. மரியாதை இல்லையாம். கூடவே நடந்து போயி, உப்பு முன்னாடி கொண்டு நிறுத்தி, இதுதாங்க உப்புன்னு காட்டிட்டு வரணும். பதினொண்ணாவது வரிசைலேர்ந்து மூணாவது வரிசைக்குப் போயிட்டுத் திரும்ப அஞ்சு நிமிஷம். அந்தம்மா போற வழில முட்டிவலியப் பத்திச் சொன்னா ஏழு. மாமியாரோ நாலுலயே கத்துவா. நான் என்ன பண்ணட்டும்?”

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கேட்டுட்டாங்கன்னா மாட்டினோம். கேக்கறதுக்கு முன்னாடி நகர்ந்துட்டா பொழைச்சோம். யாரும் கூடிப் பேசி வெச்சுக்கல அண்ணி, ஆனா எல்லாருக்கும் தெரியும். கேள்வியோட வர்றவங்களுக்குப் புருவம் இப்படி நிக்கும்.” நடித்துக் காட்டினான். “நாங்க புருவத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பொழப்பே நடத்தறோம்.”

நாத்தனாரின் கை தன் நெற்றிக்குப் போனது. “என் புருவமுமாடா?”

“உங்களோடது ரெண்டு வரிசை தள்ளியே தெரியும்க்கா.”

கணவன் சிரிக்கவில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி மேஜையில் விரலால் தட்டினான். “ரெண்டு விதியும் தனித்தனியா பார்த்தா சரிதான். ஒண்ணா மாட்டினா எந்திரம் பின்னாடி ஓடுது. ஆமா, அந்த நாலு நிமிஷத்தை எந்த மகாராசன் கண்டுபிடிச்சான்?”

புயல் தட்டைப் பார்த்தான். நாத்தனார் அவனைப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள்.

“நீயா?” என்றான் கணவன்.

அவள்தான். ‘கூட நட’ தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுவரொட்டி. அதற்கு ஒரு மாதம் கழித்து வந்த நாலு நிமிடம் அவள் மூளையில் உதித்தது. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது பெட்டிகளைக் காலி செய்து பார்த்து எடுத்த கணக்கு. சோப்பு, டப்பா, பொட்டலம், எல்லாம் பார்த்தாள். நியாயமாக இருக்க வேண்டுமே என்று அரை நிமிடம் கூடவே கொடுத்தாள்.

அன்றைக்குக் கடை விடுமுறை.

கதவு பூட்டியிருந்தது. பதினெட்டு வரிசையிலும் அவளைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. உப்பு எங்கே என்று கேட்க ஆளில்லாத கடையில் அளந்த நேரம் அது.

“சோறு ஆறுது” என்றாள் நாத்தனார், அதட்டாமல்.

*

சனிக்கிழமை வந்தவர் குட்டையாக, குடையை மடிக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டு, சாதுவாக இருந்தார். பின்பக்கப் படி வழியாக நேரே மாடிக்கு வந்துவிட்டார்.

“வாழ்த்துகள் மேடம். கடிதம் ரெடியா?”

“ரெடி சார். பேர் மட்டும் எழுதல. நீங்க அடையாள அட்டையக் கழட்டி வெச்சுட்டு, கீழ போய் ஒரு டப்பா பல் குத்தற குச்சி வாங்கிட்டு வந்தீங்கன்னா, அதுக்கப்புறம் எழுதிடறேன்.”

“எதுக்கு?”

“யார் பேர எழுதணும்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார். ஒரு நொடி கோபம் வந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஆவல் முந்திக்கொண்டது. அட்டையைக் கழற்றினார்.

இருபத்திரண்டு நிமிடம். கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். முதல் ஐந்து நிமிடம் அவர் நிமிர்ந்து நடந்தார். பத்தாவது நிமிடம் புருவம் ஏறியது. வரிசைகள் அவருக்கு முன்னால் காலியாகத் தொடங்கின. பதினைந்தாவது நிமிடம் ஒருவனைத் துரத்தவே பார்த்தார். அவன் பன்னிரண்டில் நுழைந்து பதின்மூன்றில் வெளிவந்து பதினாலில் கரைந்தான். புயல் இல்லை. வேறொருவன்.

திரும்பி வந்தபோது கை காலி.

“எல்லாரும் போறாங்க” என்றார், மூச்சு வாங்க. “எண் பதினேழு மட்டும் இல்ல. எல்லாருமே!”

“அவன் எல்லாத்துலயும் வேகம் சார். இதுலயும் வேகமா இருக்கான். அவ்வளவுதான்.”

பிறகு சொன்னாள். பட்டை, சுவரொட்டி, நாலு, ஐந்து, ஏழு. விடுமுறை ஞாயிறு. எதையும் மறைக்கவில்லை. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாயைத் திறந்து கேட்டார்.

“அந்தச் சுவரொட்டி...” என்று இழுத்தார். “அத எழுதினது நான்தான் மேடம். ஒரு கடைல எனக்கே விரல் காட்டினாங்க. நாயை விரட்டற மாதிரி இருந்துது. நல்லதுதான் நெனச்சேன்.”

“நானும் நல்லதுதான் நெனச்சேன் சார்.”

இரண்டு பேரும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்கள். ஒரு கிழவர் எட்டாவது வரிசையில் கையில் சீட்டுடன் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வட்டமாக வெறும் தரை.

“பட்டைய நிறுத்திடலாம் சார். இன்னிக்கே.”

“என்னால முடியாது மேடம். நீங்க அனுப்பின கணக்கப் பார்த்து பதினாலு கிளைக்கும் பட்டை வாங்கியாச்சு. அடுத்த மாசக் கூட்டத்துல பேசறேன்.” கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். “ஆனா இந்த மாசம் ஒரு பேரோடதான் நான் திரும்பிப் போகணும். விற்பனை ஏன் விழுந்துதுன்னு கேப்பாங்க. யாராவது ஒருத்தர்.”

அவள் பேனாவை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘பெட்டிக்கு நாலு நிமிடம்’ என்று எழுதினாள். பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். இந்த முறை வாழ்த்து வரவில்லை. “நீக்கம்ங்கறத அடிச்சுடறேன்” என்றார் கடைசியில். “கீழ தளத்துல ஒரு எடம் காலி இருக்கு. இந்த ரூம்ல இருக்க முடியாது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.”

போகும்போது குடையை மறந்துவிட்டுப் போய், பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புயல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தை அவனே தூக்கினான், கேட்காமலே ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்தான். சாயந்தரம் பொறுக்கமுடியாமல் வந்து நின்றான்.

“எனக்காகத்தானே அண்ணி?”

“உனக்காக இல்லடா. நாலு நிமிஷம் நான் போட்டது. நான் எடுத்துக்கிட்டேன்.”

“பொண்ணு வீட்டுல கேட்டா?”

“உன் வேலை நிரந்தரம்னு சொல்லுவேன். என் வேலையப் பத்தி அவங்க கேக்கலியே.”

அவள் இனிப் போட்டுக்கொள்ள வேண்டிய அங்காடியின் நீல மேலங்கியைத் தையல் மெஷினில் வைத்து, நாத்தனார் இடுப்பைத் தளர்த்தித் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி. அதை மீறியும் பேசினாள். “மாடிலயே உக்காந்து ஒடம்பு பெருத்துப் போச்சு. ரெண்டு மாசம் பெட்டி தூக்கினா இந்தத் தையலைப் பிரிச்சு மறுபடி புடிக்கணும்.” கொஞ்சம் கழித்து, ஊசியை எடுத்துவிட்டு, “காலுக்கு நல்ல செருப்பா போட்டுக்கிட்டுப் போ” என்றாள்.

*

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது.

புயல்தான் அவள் கையில் பட்டையைக் கட்டிவிட்டான். “ரொம்ப இறுக்கல அண்ணி. வேர்த்தா அரிக்கும்.” மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு கிளையிலிருந்து வந்த புது மேலாளர், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியும், அங்கிருந்து என்ன தெரியும் என்று.

ஒன்பதாவது வரிசை. சோப்புப் பெட்டி. பச்சை விளக்கு. அந்த விடுமுறை ஞாயிறு, பூட்டிய கடையில் உட்கார்ந்து அளந்த அதே சோப்பு. இப்போது அட்டையின் ஓரம் விரலிடுக்கில் கிழித்தது. முதல் பெட்டி மூன்றே முக்கால். இரண்டாவது சரியாக நாலு. மூன்றாவதைத் திறந்தபோது வரிசை முனையில் ஓர் அம்மா திரும்பினாள். கையில் காலிக் கூடை. தேடுகிற புருவம்.

அவளுக்கே தெரியாமல் அவள் கால், பெட்டியை மறுமுனைப் பக்கம் தள்ளியது.

முதுகு பாதி திரும்பிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவள் தன் காலையே வேற்று ஆளின் காலைப் பார்ப்பது போல் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வந்த பக்கமே திரும்பி நின்றாள்.

“என்னம்மா தேடறீங்க?”

அந்த அம்மா திடுக்கிட்டுப் போனாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். “என்னையா?”

“உங்களத்தான்.”

“தீப்பெட்டி... எவ்வளவு நாளா தேடறேன் தெரியுமா!”

“வாங்க.”

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். தீப்பெட்டி பதினாறாவது வரிசை. பன்னிரண்டைத் தாண்டும்போது ஒரு கிழவர், சீட்டை நீட்டிக்கொண்டே அவசரமாகக் கூட வந்தார். “ஏம்மா, நீ இங்க வேலை செய்யறவதானே? இந்த பேட்டரி...” “வாங்க, வழிலதான் இருக்கு.” இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எதுவும் கேட்காமலே சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். பதினைந்தைத் தாண்டும்போது ஏழு பேர். மழைக்கோட்டு இல்லாத ஏழு பேர், கூடையும் கையுமாக, பிரிந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு.

மணிக்கட்டில் விளக்கு சிவப்பானது. பட்டை கத்த ஆரம்பித்தது. இத்தனை பெரிய சத்தமா அது? மாடியில் அவளுக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் புது மேலாளர் கையைப் பிரித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“அது என்னம்மா சத்தம்?” என்றாள் தீப்பெட்டி அம்மா.

“ஒண்ணுமில்ல, மாமியார். நீங்க வாங்க.”

தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, “வேற யாருக்கு என்ன வேணும்?” என்றாள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிரிப்பு வந்தது. ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா என்று கையமர்த்தும்போதுதான் கவனித்தாள். தன் கையிலிருந்து வருகிற சத்தத்துக்கு ஊடே, மூன்று நாலு வரிசைக்கு அப்பால், இன்னொரு பட்டை கத்திக்கொண்டிருந்தது.

அதன் பின்னால் இன்னொன்று.

சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, எப்போதும் அவசரத்திலேயே இருக்கும் ஒருவன் யாரிடமோ நிதானமாகச் சொல்வது கேட்டது:

“உப்புதானே? வாங்க, நான் கூட வர்றேன்.”